ஓ பொசிற்றிவ் அண்ணாவுக்கு

மல்லாவிப் பள்ளிக்கூட மண்டபத்தில்
போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை
நானும் கை நீட்டினேன்.
"நல்ல நரம்பு, தங்கச்சி" என்றார்கள்,
தேத்தண்ணியும் மாரி பிஸ்கற்றும் தந்தார்கள்.
பழைய கடன் ஒன்றை அடைத்துவிட்ட மாதிரி
சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் கிழமை கடிதம்:
தங்கள் குருதியைப் பயன்படுத்த முடியவில்லை.
நேரில் வரவும்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
தாதி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா:
ஹெப்பரைற்றிஸ் பி.
"செங்கமாரியோ?" என்று
கண்ணிமையை இழுத்துக் காட்டினேன்.
மஞ்சள் இல்லை.
"அதுதான் இதின்ரை கள்ளம்.
ஈரலுக்குள்ள நோவறிய நரம்பில்லை.
பாதி பழுதானாலும் மிச்சப் பாதி
வாய் திறக்காமல் வேலை செய்யும்."

ஈரக்குலை பதறுது, ஈரக்குலை பதறுது என்று
எத்தனை இரவு அம்மா சொல்லியிருப்பா.
பதறத் தெரியாத ஒன்றின் பேரில்
பழியைப் போட்டிருக்கிறோம்.

பிறகு கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினா:
வைரஸ் ஈரலைக் கடிக்கிறதில்லை, உள்ளே ஒளித்திருக்கும்.
தேடி வருவது உடம்பின் சொந்தப் படை.
சுற்றிவளைக்கும். ஆளைப் பிடிக்க
வீட்டையே கொளுத்தும்.
இதை அவ சாதாரணமாகத்தான் சொன்னா.
நான் சாதாரணமாகக் கேட்கவில்லை.

எரிந்த இடத்தில் தழும்பு.
தழும்போடு தழும்பு சேர்ந்து, வருசக் கணக்கில் இறுகும்.
கல்லீரல் என்று பேர் வைத்தவன்
முடிவைத்தான் முதலில் எழுதினான் போல.

"முந்தி எப்பவாவது இரத்தம் ஏத்தினதோ?"

ஏற்றியது. ஒன்பது வயதில்,
மாத்தளனில், ஒரு தறப்பாளுக்குக் கீழே.
அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவு:
"ஓ பொசிற்றிவ் ஆர்?" என்று யாரோ கூவ
கஞ்சி வரிசையில் இருந்து நீங்கள் வந்தீர்கள்.
நீலச் சாரம். கையில் ஒரு சருவச்சட்டி.
சட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தீர்கள்.
சோதிக்க மருந்தில்லை, வைக்க ஐஸ் இல்லை.
பை சூடாக இருந்ததாம்.
எழும்பிக் கேட்டீர்களாம்,
"கஞ்சி முடிஞ்சுதோ?"
அதற்குள் செல் விழுந்தது. ஆளுக்கொரு பக்கம்.
உங்கள் பேரை ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்துக் காணி இராசமலர் அக்கா
கீழ்காய்நெல்லி அரைத்துக்கொண்டு வந்தா.
அவ வீட்டில் இப்போது எனக்குத் தனிப் பேணி.
பேணியால் பரவாது அக்கா,
பக்கத்தில் இருந்தால் பரவாது,
இரத்தத்தால், சவர அலகால், பிள்ளைப்பேற்றில் தாயால்,
படுக்கையால்...
படுக்கை என்ற இடத்தில் எழும்பிப் போய்விட்டா.

துணுக்காயில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் யோகசீலன்
சாதகம் கேட்டான்.
அதோடு ரிப்போர்ட்டையும் கொடுத்தேன்.
இரண்டு நாள் போன் இல்லை.
மூன்றாம் நாள்:
"எனக்கு மூண்டு ஊசியாம். முதலாவது போட்டாச்சு.
கை நோகுது."

ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்.
ஸ்கானில் ஈரல் இன்னும் மெத்தெனத்தான் இருக்கிறது.
வைரஸ் இப்போது நித்திரையாம்.
முழித்தால் குளிசை உண்டு, நாளுக்கு ஒன்று.

அண்ணா, இது முறைப்பாடு இல்லை.
உங்களால் வந்தது என்றும் உறுதியில்லை;
அந்த நாளில் எத்தனை ஊசி, எத்தனை கத்தி.
ஆனால் அந்த வரிசைக்குப் பிறகும் நீங்கள் இருந்தால்,
முழங்காவிலிலோ ரொறன்ரோவிலோ
நோவில்லை மஞ்சளில்லை என்று திரிந்தால்,
ஒருக்கால் போய்ச் சோதியுங்கோ.

சட்டி நந்திக்கடலைக் கடக்கும்போது
தண்ணிக்குள் போய்விட்டது.
அதையும் எழுதச் சொன்னா அம்மா.